பின்னணி மங்கினால்தான் அழகா?

பூவொன்றைப் படமெடுத்தால் அதன் பின்னால் உள்ளவை எல்லாம் மங்கித் தெரிய வேண்டும் என்று இன்று பலரும் எண்ணுகின்றனர். ஒற்றைப் படத்திற்கு அது அழகே. ஆனால் இரு கண்களுக்கென இரண்டாக எடுத்து, ஒன்றாய்க் காணும் முப்பரிமாணப் படத்திற்கு அது குறை என்பதே எங்கள் கருத்து. அப்படத்தைக் காணும் கண் ஓரிடத்தில் நில்லாது. முன்னிதழைத் தொட்டுவிட்டுப் பின்னுள்ள தண்டைத் தேடும். அங்கே வெறும் மங்கல் இருந்தால் ஏமாந்து போகாதா?

இக்கலை நம் பக்கத்திற்குப் புதிதன்று. 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் இதன் தத்துவத்தை இங்கிலாந்தில் விளக்கினார். இருபதே ஆண்டுகளில், 1858-இல், லின்னேயஸ் டிரைப் மதுரையை இரட்டைப் படங்களாக எடுத்துவிட்டார். கட்டடங்கள் அசையா, அவருக்கு அது வசதி! நம் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர்த் திராட்சைக் கொத்தை அருகிலிருந்து எடுப்பதோ வேறு கதை. துளையைச் சிறிதாக்கினால் முன்னும் பின்னும் தெளியும். ஆனால் ஒளி குறையும், படம் பதிய நேரம் பிடிக்கும். காற்றாலை சுற்றும் நம் ஊர்க் காற்று அதுவரை கொடியைச் சும்மா விடுமா? ஆகவே காற்றடங்கிய விடியற்காலையே ஏற்றது. மாற்ற முடியாத துளையுடைய கைபேசியிலும் தெளிவின் ஆழம் இயல்பாகவே மிகுதி என்பதால், விலையுயர்ந்த கருவி தேவையில்லை.

ஒரு அடிக்கோல் தொலைவில் பழம் இருந்தால், கருவியைப் பக்கவாட்டில் 1 செ.மீ. நகர்த்தி இரண்டாம் படத்தை எடுத்தால் போதும். கண்களுக்கிடையே சுமார் 6.5 செ.மீ. உள்ளதே என்று அவ்வளவும் நகர்த்தினால் கண்தான் வலிக்கும்.

கருவியிலுள்ள மின்னொளி வேண்டவே வேண்டாம். கருவி நகரும்போது அதுவும் நகர்வதால், இரு படங்களிலும் நிழல் வெவ்வேறு இடத்தில் விழும். பழத்தின்மேல் உள்ள மெல்லிய வெண்பூச்சும் தெரியாமற் போகும். வெயிலுக்குக் குறுக்கே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, ஒளியைப் பக்கத்திலிருந்து வரவிட்டால் ஒவ்வொரு பழமும் உருண்டு திரண்டு நிற்கும்.

உயிரியல் ஏட்டில் மலர்களை அழுத்தி உலர்த்தி ஒட்டுகிறோம். ஏலக்காய்ப் பூவின் ஊதாக் கோடிட்ட இதழ் அதில் தட்டையாகி, பழுப்பேறி, என்னவென்றே தெரியாமல் போகிறது. பூவைப் பறிக்காமல் எடுத்த இரட்டைப் படத்தையும் ஏட்டில் ஒட்ட அருட்சகோதரிகள் இசைவு தர வேண்டுகிறோம். பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாதென்பதை அறிவோம். பெற்றோர் மனம் வைத்தால் விடுமுறை நாளில் தோட்டத்திலேயே எடுத்து வருவோம்.