முடிவைச் சொல்லும் ஆய்வகம் தரவை ஏன் மறைக்க வேண்டும்?

கொல்கத்தாவிலுள்ள மத்தியத் தடய அறிவியல் ஆய்வகம் பற்றி ஆய்வுலகம் விவாதித்திருக்க வேண்டிய செய்தி ஒன்று, நேதாஜி குறித்த பரபரப்பில் கரைந்துபோயிற்று. 1985 செப்டம்பரில் பைசாபாத்தில் மறைந்த கும்நாமி பாபா என்னும் துறவியே சுபாஷ் சந்திர போஸ் என்று நம்புவோர் உண்டு. இதையும் ஆராய்ந்த நீதிபதி முகர்ஜி ஆணையம், துறவியினுடையவை எனக் கருதப்பட்ட பற்களை டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பியது. போஸ் குடும்பத்தாரின் மாதிரிகளோடு அவை பொருந்தவில்லை என்று கொல்கத்தா ஆய்வகம் கூறியது. 2005இல் ஆணையம் அளித்த அறிக்கையில் இம்முடிவும் இடம்பெற்றது.

பின்னாளில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அச்சோதனையின் எலெக்ட்ரோஃபெரோகிராம் கேட்கப்பட்டது. முதலில் கிடைத்த பதில், அது இல்லை என்பது. 2022இல் கிடைத்த பதில், அது இருக்கிறது, ஆனால் தர இயலாது என்பது. சட்டத்தின் விலக்குப் பிரிவுகள் காரணமாகக் காட்டப்பட்டன.

துறவி யார் என்பது இங்கு என் கேள்வியன்று. ஆய்வகத்தின் முடிவு முற்றிலும் சரியாகவே இருக்கலாம். ஆனால் அது சரியென்று பிறர் அறிவதற்கான வழி அடைக்கப்பட்டிருக்கிறது. எலெக்ட்ரோஃபெரோகிராம் என்பது கருவி கண்டதை முகடுகளாக வரைந்து காட்டும் படம். 'பொருந்துகிறது', 'பொருந்தவில்லை' என்பவை அம்முகடுகளைப் படித்து மனிதர் சொல்லும் விளக்கங்கள். பழைய, சிதைந்த மாதிரிகளில் எது உண்மையான முகடு, எது இரைச்சல், எது மாசு என்பதில் வல்லுநர்களே வேறுபடுவர். மூலத் தரவைக் காட்டாத முனைவர் பட்ட ஆய்வேட்டை நாம் ஏற்போமா? ஒரு மனிதரின் விடுதலையையும் உயிரையும் தீர்மானிக்கும் அறிக்கைக்கு மட்டும் அதைவிடக் குறைந்த அளவுகோல் எப்படிப் பொருந்தும்?

இந்தச் சலுகைக்குச் சட்டமே துணை நிற்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவு, அரசு அறிவியல் வல்லுநரை விசாரிக்காமலேயே அவரது அறிக்கையைச் சான்றாகக் கொள்ள இடமளித்தது. புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு அதைத் தொடர்கிறது. நீதிமன்றம் விரும்பினால் வல்லுநரை அழைக்கலாம். அழைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

இதன் விலையை டில்லி சாவ்லா வழக்கு காட்டியது. 2012இல் இளம்பெண் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்ட அவ்வழக்கில் மூவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. மாதிரிகள் பல நாள்கள் காவல் நிலையக் கிடங்கிலேயே இருந்ததைச் சுட்டிய நீதிமன்றம், டி.என்.ஏ. அறிக்கையின் அடிப்படையையோ, உத்திகள் நம்பகமாகக் கையாளப்பட்டனவா என்பதையோ கீழ் நீதிமன்றங்கள் ஆராயவில்லை என்றும் கூறியது. இறந்த பெண்ணின் பெற்றோருக்கு நீதி கிட்டவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தூக்குக்கயிற்றின் நிழலில் ஆண்டுகளைக் கழித்தனர்.

திறமைக்குறை ஒருபுறம், துணிந்து செய்யும் மோசடி மறுபுறம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஆய்வகத்தில் ஆனி டூக்கன் என்ற வேதியியலாளர் பல மாதிரிகளைச் சோதிக்காமலேயே போதைப்பொருள் என்று சான்றளித்தது 2012இல் வெளிப்பட்டது. அவரது நம்பமுடியாத வேகத்தைச் சக ஊழியர்கள் ஐயுற்று மேலதிகாரிகளிடம் தெரிவித்தும் பயனில்லாமல் போயிற்று. 2013இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2017இல் இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடியாயின. இதே ஆய்வகத்தின் சான்றிதழ்கள் தொடர்பான மெலெண்டெஸ் டயஸ் வழக்கில்தான், பகுப்பாய்வாளர் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்திருந்தது. தாளை நம்பினால் போதும் என்று வாதிட்ட அரசுக்கு மூன்றே ஆண்டுகளில் காலம் விடை சொன்னது.

இந்தியாவில் இக்கேள்வி இப்போது இன்னும் அவசரமானது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்குச் செல்வதைக் கட்டாயமாக்குகிறது. மாதிரிகள் பெருகும், காலக்கெடு நெருக்கும். கட்டடத்துக்கும் கருவிக்கும் பணம் ஒதுக்கினால் மட்டும் நேர்மை வந்துவிடாது.

தனிநபர் மரபணுத் தகவலைக் காக்க வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் காக்க வேண்டும். பெயர்களை நீக்கிவிட்டுச் சுயேச்சையான வல்லுநர் குழு ஒன்றுக்குத் தரவைக் காட்ட இயலும். மறைப்பது ஒன்றே வழி என்பது சோம்பலின் வாதம்.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஒவ்வோர் அறிக்கையோடும் மூலத் தரவும் ஆய்வகக் குறிப்பேட்டின் நகலும் வழக்கின் இரு தரப்புக்கும் தாமாகவே கிடைக்க வேண்டும். இரண்டாவது, சோதனை என்று ஊழியர் அறியாதபடி அனுப்பப்படும் மாதிரிகளால் ஆய்வகத்தின் திறன் அளக்கப்பட்டு, பிழை விகிதம் வெளியிடப்பட வேண்டும். மூன்றாவது, ஆய்வகங்கள் புலனாய்வு அமைப்புகளின் நிர்வாகத்திலிருந்து விடுபட வேண்டும். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக்குழு 2009இலேயே இதைப் பரிந்துரைத்தது. இங்கோ டில்லி ஆய்வகம் சி.பி.ஐ.யின் கீழ் வளர்ந்தது. கொல்கத்தா உள்ளிட்டவை, மத்தியக் காவல் படைகளை நிர்வகிக்கும் உள்துறை அமைச்சகத்தின் கீழேயே உள்ளன.

உலகின் முதல் கைரேகைப் பணியகம் 1897இல் அமைந்த நகரம் கொல்கத்தா. அங்கு அஜிசுல் ஹக்கும் ஹேம சந்திர போஸும் உழைத்து உருவாக்கிய வகைப்பாட்டு முறை உலகெங்கும் பரவியது. அதை எவரும் எடுத்துச் சோதித்துப் பார்க்க முடிந்தது. அந்நகரத்து ஆய்வகத்திடம் தரவைக் கேட்பது அதன் மரபுக்கு நாம் செய்யும் மரியாதையே. வேதியியல், மரபியல், புள்ளியியல், சட்டத் துறைகளில் இருப்போர் இதைத் தத்தம் கருத்தரங்குகளில் எழுப்புங்கள்.