மாத்திரையைத் தூக்கி எறிவது தவக்குல் ஆகாது



ரமளானுக்குச் சில நாள்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் அருகில் வந்தமர்ந்தார். இதயம் பலவீனமுற்று ஓராண்டாக மருந்து உண்பவர். "ஹஜ்ரத், இந்த மாத்திரைகள் கிட்னியைக் கெடுத்துவிடுமாமே? இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினினும் கூடியிருக்கிறது. நோன்போடு நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டார்.

"அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டுங்கள், அவன் போதுமானவன்" என்றேன். அதை அவர் அனுமதியாக எடுத்துக்கொண்டார். பத்தாம் நோன்பன்று கால்கள் வீங்கி, படுக்க இயலாத மூச்சுத்திணறலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார். ஆயினும் அறியாத ஒன்றில் பேசிய என் நாவைக் குறித்து இன்றும் அஞ்சுகிறேன்.

அதன் பின்னரே மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்தேன். இதயம் வலுவிழந்தால் சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. உடலில் நீரும் தேங்குகிறது. ஆகவே சிறுநீரகத்தை வருத்துவதில் அந்நோய்க்கே பெரும் பங்குண்டு. எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் சிறுநீரக வடிகட்டிகளின் உள்ளழுத்தத்தைத் தணிக்கின்றன. அதனால் தொடக்கத்தில் கிரியேட்டினின் சற்று உயரக்கூடும். 1.2 ஆக இருந்தது 1.4 ஆவது இத்தகையதே. ஏறத்தாழ 30 சதவீதம் வரையிலான உயர்வுக்காக மட்டும் மருத்துவர்கள் பொதுவாக இம்மருந்தை நிறுத்துவதில்லை. எனலாப்ரில் கடுமையான இதயச் செயலிழப்பில் உயிரிழப்பைக் குறைக்கிறது என்பது 1987ஆம் ஆண்டிலேயே ஆய்வில் வெளிப்பட்டது. அண்மைக்கால மருந்தான டபாக்ளிஃப்ளோசின் இதயத்தோடு சிறுநீரகத்தையும் காக்கிறது.

அவ்வாறாயின் அச்சத்திற்கு இடமே இல்லையா? உண்டு. 1999இல் வெளியான ஓர் ஆய்வு, ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை கடுமையான இதயச் செயலிழப்பில் உயிரிழப்பை 30 சதவீதம் குறைத்ததாகக் காட்டியது. உடனே கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் அம்மருந்து பெருமளவில் எழுதப்பட்டது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து மருத்துவமனையில் சேர்ந்த முதியோரின் எண்ணிக்கையும் அங்கே பன்மடங்கு உயர்ந்தது. பொட்டாசியம் மிகுந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். நல்ல மருந்தும் கண்காணிப்பின்றித் தீங்காகலாம் என்பதே இதன் படிப்பினை. தானாக நிறுத்துவது பிழை. கிரியேட்டினின், பொட்டாசியம் பரிசோதனையின்றி ஆண்டுக்கணக்கில் பழைய சீட்டைக் காட்டி வாங்கி உண்பதும் பிழை.

நம் இல்லங்களில் கவனிக்க வேண்டியவை வேறு சில. மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகியவை இந்நோயாளியின் இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் கேடு செய்பவை. உப்புக்கு மாற்றாக விற்கப்படும் சோடியம் குறைந்த உப்பில் பெரும்பாலும் பொட்டாசியமே இருக்கிறது. இளநீரிலும் பேரீச்சம்பழத்திலும் அது மிகுதி. இஃப்தாரில் எவ்வளவு உண்ணலாம் என்று முன்பே கேட்டறிதல் நலம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். உடலில் நீர் வற்றிய நிலையில் சில மாத்திரைகளை அவர் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லக்கூடும்.

நோன்பைப் பொறுத்தவரை, நோயாளிக்கான சலுகையை அல்லாஹ்வே அல்பகரா அத்தியாயத்தில் அருளியிருக்கிறான். நம்பகமான மருத்துவர் நோன்பு தீங்கு தரும் என்றால் அந்தச் சலுகையை ஏற்பதே கீழ்ப்படிதல். குணமாகும் நம்பிக்கை இல்லாத நீடித்த நோயாளிக்கு ஃபித்யா உண்டு. நோன்பு நோற்கலாம் என மருத்துவர் சொன்னால், ஸஹர், இஃப்தார் நேரங்களுக்கு ஏற்ப மருந்தை அவரே மாற்றித் தருவார். இதற்கு ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே அவரிடம் செல்ல வேண்டும்.

அறியாதவற்றை அறிந்தோரிடம் கேட்குமாறு குர்ஆன் பணிக்கிறது. அக்கட்டளை என்னைப் போன்ற ஆலிம்களுக்கும் உரியது. மாத்திரையைப் பற்றிக் கேட்பவரிடம் நாம் சொல்ல வேண்டியது, "மருத்துவரிடம் கேளுங்கள், அதுவரை நிறுத்தாதீர்கள்" என்பதே. துணைக்கு ஆளில்லாத முதியவராயின் அவருடன் நாமே சென்றுவரலாம்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணிய பின் பொறுப்பை அல்லாஹ்விடம் சாட்டுவதே தவக்குல். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.