ஒரு மண்டலப் பொறுமை

சென்ற நவராத்திரியில் அன்பர் ஒருவரின் இல்லத்துக் கொலுவைத் தரிசிக்கச் சென்றிருந்தேன். சுண்டலும் தாம்பூலமும் அளித்து உபசரித்த பாட்டியம்மையாரிடம், "பேத்தி எங்கே அம்மா? சென்ற ஆண்டு இங்கே அமர்ந்து எத்துணை இனிமையாகப் பாடினாள்!" என்று வினவினேன். அம்மையார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ளறையில் இருக்கிறாள். முகமெல்லாம் பரு. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் 'என்னடி இது முகத்தில்?' என்று கேட்கிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து கூடத்திற்கே வருவதில்லை. நானும், 'எண்ணெய்ப் பண்டம் தின்னாதே என்றால் கேட்டாயா?' என்று கடிந்துகொண்டேன்" என்றார்.

பதினாறு வயதுக் குழந்தை, தன் வீட்டிலேயே எழுந்தருளியிருக்கும் அம்பிகையின் முன் வந்து பாட நாணி ஒளிந்திருக்கிறாள். அதற்குப் பருவைவிட நம் போன்ற பெரியோரின் சொற்களே மிகுதியும் காரணம் என்று எனக்குத் தோன்றியது. அன்று அவ்வம்மையாரிடம் கூறியவற்றையே இவ்வாரம் உங்களுக்கும் கூற விழைகிறேன்.

பரு ஏன் வருகிறது? நம் தோலிலுள்ள ஒவ்வொரு மயிர்க்காலையும் ஒட்டி, நெய்ப்பசையைச் சுரக்கும் நுண்ணிய சுரப்பி ஒன்று உண்டு. பருவ வயதில் உடலில் பெருகும் ஹார்மோன்கள் அச்சுரப்பியைத் தூண்டுகின்றன. நெய்ப்பசை மிகுகிறது, உதிர வேண்டிய தோலின் துகள்கள் அதனோடு கலந்து துளையை அடைத்துவிடுகின்றன. தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகை நுண்ணுயிர் அடைபட்ட துளைக்குள் பெருகுகிறது. அவ்விடம் சிவந்து வீங்குகிறது. இவ்வளவே பருவின் வரலாறு. பெற்றோருக்கு மிகுதியாக இருந்திருப்பின் பிள்ளைகளுக்கும் வரக்கூடும். அழுக்கினால் வருவதன்று, ஒழுக்கக் குறைவினாலோ, தெய்வக் குற்றத்தாலோ வருவதன்று. எண்ணெய்ப் பண்டமே காரணம் என்பதற்கும் உறுதியான சான்றில்லை. சர்க்கரை மிகுந்த பானங்களும் தின்பண்டங்களும் சிலருக்குப் பருவை மிகுவிக்கலாம். அவற்றைக் குறைப்பது எப்படியும் நன்றே.

இனி, வீட்டில் செய்யத்தக்கவை. காலையும் மாலையும் மென்மையான சோப்பினால் முகம் கழுவினால் போதும். பயற்றமாவோ வேறு பொடியோ கொண்டு அழுத்தித் தேய்த்தால் புண் மிகும். எலுமிச்சைச் சாறு, பற்பசை ஆகியவற்றைத் தடவுவது தோலைப் பொசுக்கிவிடும். எண்ணெய் நீராட்டு நம் மரபு. அதை விட வேண்டியதில்லை. ஆயினும் தலையில் வைத்த எண்ணெய் நெற்றியில் வழிந்து நிற்பின் அங்கே பரு மிகும். நன்கு அலசிவிட வேண்டும். தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். பருவைக் கிள்ளலாகாது. கிள்ளிய பரு ஓரிரு நாளில் அடங்கினாலும் அதன் வடு ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

இவற்றால் அடங்காவிடில் தோல் மருத்துவரை நாடுவதில் தயக்கம் வேண்டா. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் முதலிய பூச்சு மருந்துகளை அவர் தரக்கூடும். முதற் சில வாரங்களில் தோல் சிறிது உலர்வதும் சிவப்பதும் உண்டு. "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று பத்தாம் நாளே நிறுத்திவிடுவோர் பலர். தாங்க இயலாத எரிச்சல் இருப்பின் மருத்துவரிடம் கூறுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்களேனும் ஆகும். நமக்கோ இக்கணக்கு புதிதன்று. நாற்பத்தெட்டு நாள் கொண்ட மண்டலம் விரதமிருந்து பழகியவர்கள் நாம். இருபதாம் நாளில் விரதத்தை விடுவோமா? மருந்தையும் ஒரு மண்டலம் தவறாது இடும்படி பேரக் குழந்தைக்கு நினைவூட்டுவது நாம் செய்யத்தக்க பெரிய உதவி.

ஓர் எச்சரிக்கை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில களிம்புகள் ஒரே வாரத்தில் முகத்தைப் பளபளப்பாக்கிவிடும். அவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு இருக்கக்கூடும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, செந்நரம்புகள் தெரியும். முகத்தில் மயிர் வளரும். நிறுத்தியதும் பரு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என மைய அரசு 2018ஆம் ஆண்டு விதித்தது. "பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கேட்டதாம்" என்று எந்தக் களிம்பையும் வாங்கித் தராதீர்கள்.

பெண் குழந்தைக்குப் பருவோடு மாதவிலக்கும் ஒழுங்கின்றி, முகவாயில் முடியும் வளருமாயின் மருத்துவரிடம் அதையும் கூற வேண்டும். ஆழ்ந்த கட்டிகள் தோன்றி வடு விழத் தொடங்கினால் காலந்தாழ்த்தலாகாது. அத்தகைய கடும் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்னும் மாத்திரை தருவதுண்டு. கருவுற்ற காலத்தில் அது குழந்தையின் உறுப்புகளைக் கெடுக்கும். ஆகவே திருமணம் நிச்சயமாகும் நிலையிலுள்ள பெண் அம்மாத்திரையை உண்டுவந்தால் மருத்துவரிடம் அச்செய்தியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

நம் வயதினருக்கும் ஒரு சொல். முதுமையில் முகத்தில் புதிதாகப் பருப்போல் ஒன்று தோன்றி ஆறாதிருப்பின், பரு என்று எண்ணி இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுக.

"அப்படியாயின் வேண்டுதல் வீணா?" என்று அம்மையார் கேட்டார். வைத்தீசுவரன் கோயிலில் உப்பும் மிளகும் காணிக்கையிடுவதாக அவர் நேர்ந்திருந்தார். அத்தலத்தை எண்ணிப் பாருங்கள் என்றேன். அங்கே ஈசனே வைத்தியராக எழுந்தருளியிருக்கிறான். தையல்நாயகி தைலக் குடம் ஏந்தி உடன் வந்தாள் என்கிறது தலபுராணம். மருத்துவத்தைத் தெய்வமே கையில் ஏந்தியிருக்க, மருந்து இடுவது எங்ஙனம் நம்பிக்கைக் குறைவாகும்? வேண்டுதலையும் நிறைவேற்றுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். முகத்தைப் பற்றிய பேச்சை மட்டும் வீட்டில் நிறுத்திவிடுங்கள்.

மார்கழி பிறந்த முதல் வாரத்தில் அம்மையாரைக் கோயில் வாயிலில் கண்டேன். பேத்தியும் உடன் வந்திருந்தாள். பருக்கள் முற்றும் மறைந்துவிடவில்லை, ஓரளவு அடங்கியிருந்தன. குழந்தை நிமிர்ந்து நின்று திருப்பாவை பாடினாள். அவள் முகத்தைப் பற்றி யாரோ ஒருவர் பேச வாயெடுத்தபோது, "குரல் எப்படி இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்" என்றார் பாட்டியம்மையார்.