நிலப்படக் கலையும் நம் கல்லூரியும்

சென்னையை அடுத்த பறங்கிமலை நம்மிற் பலரும் கண்டதோர் இடம். அதன் அருகே 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்ப்டன் என்னும் இராணுவ உத்தியோகஸ்தர் ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடொன்றைச் சங்கிலி கொண்டு அளந்தார். இந்தியாவை முக்கோணங்களால் அளந்தறிந்த பெருமுயற்சிக்கு அதுவே தொடக்கமாயிற்று. அன்று தொட்டு நெடுங்காலம் நிலப்படம் வரைதல் அரசாங்கத்தாருக்கே பெரிதும் உரிய தொழிலாயிருந்தது. இன்றோ கல்லூரியிற் பயிலும் ஓர் இளைஞரும் தம் ஊரின் ஏரியையும் அதன் வரத்துக் கால்களையும் தாமே படமாக்க இயலும். அங்ஙனமிருந்தும் நம் கல்வி நிலையங்கள் இவ்வாய்ப்பைக் கைக்கொள்ளாது வாளாவிருத்தல் முறையாமோ? இதுபற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

நிலப்படம் ஆக்குதற்குரிய கணினி மென்பொருள்கள் இருவகைப்படும். ஒன்று, ஆண்டுதோறும் பணம் செலுத்தி உரிமம் பெறத்தக்கது. மற்றொன்று, கட்டற்ற மென்பொருள். பின்னதை எவரும் பயன்படுத்தலாம், அதன் மூலநிரலை ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். இவ்வகையிற் சிறந்து விளங்குவது கியூஜிஐஎஸ் என்பது. கேரி ஷெர்மன் என்பார் 2002ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். பல நாட்டினரும் கூடி இதனை வளர்த்து வருகின்றனர். சாலைகள் ஒரு படலம், நீர்நிலைகள் ஒரு படலம், பள்ளிகள் ஒரு படலம் என அடுக்கி, அவற்றிடையேயுள்ள தொடர்பை ஆராய இது துணை செய்யும். பழைய காகிதப் படத்தை ஒளிவருடி, இன்றைய நிலத்தின் மேற் பொருத்திக் காணவும் இதனால் இயலும்.

இஃது இளைஞர்க்கு எட்டாததோர் அருங்கலையன்று. அண்டை நாடாகிய கேரளத்திற் பத்தாம் வகுப்பு மாணவர்க்குரிய பாடநூலிலேயே கியூஜிஐஎஸ் கொண்டு நிலப்படம் பயிலும் பகுதி இடம்பெற்றதுண்டு. பள்ளிச் சிறாரால் இயன்றது கல்லூரியாராகிய நம்மால் இயலாதென்பது நகைப்பிற்கிடமன்றோ?

நிற்க. இதற்கு மாறாகக் கூறப்படும் தடைகளையும் ஆராய்வோம். "அலுவலகங்களில் விலைகொடுத்து வாங்கிய மென்பொருளையன்றோ கேட்கின்றனர்?" என்பர் சிலர். இத்தடை முற்றும் பொய்யென்று யாம் கூறோம். ஆயினும் அட்சரேகை, தீர்க்கரேகை, உருண்டையான பூமியைத் தட்டையான தாளிற் காட்டும் முறை, படலங்களை ஒப்பிடும் நெறி ஆகியன இரண்டிற்கும் பொதுவே. ஒரு குளத்தில் நீந்தப் பயின்றவன் மறு குளத்தில் மூழ்கிப்போவதில்லை. "இலவசமாய்க் கிடைப்பதற்குச் செலவே இல்லையோ?" எனின், உண்டு. ஆசிரியர் பயிற்சி பெறுதல் வேண்டும். பழகும் வரை காலம் செல்லும். ஆனால் அச்செலவு நம்மவரின் அறிவாக நம்மிடமே தங்கும். உரிமத்திற்குக் கொடுத்த பணமோ ஆண்டு முடிவில் மீண்டும் நம்மைக் கை நீட்டிக் கேட்கும்.

இதனினும் பெரியதொன்றுண்டு. கல்லூரியின் உரிமத்தைக் கொண்டு பயின்ற மாணவர், பட்டம் பெற்று வெளியேறும் அன்றே அக்கருவியை இழக்கின்றார். கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராய் அமர்பவர் அதனை வாங்கவும் ஆற்றார். எஞ்சிய வழி திருட்டுப் பிரதியே. நேர்மையைப் போதிக்கும் நிலையமே மாணவரை அவ்வழியில் தள்ளுதல் தகுமோ? கற்ற கருவி கற்றவரோடு செல்லுதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

கருவிக்கு அடுத்தது தரவு. 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொதுப்படத்தில் எவரும் தாம் அறிந்த தெருவையும் கிணற்றையும் குறிக்கலாம். ஊர்ப்பெயரைத் தமிழிலும் பதியலாம். 2010ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் ஹெயிட்டி நாட்டைப் பூகம்பம் அழித்தபோது, பல நாட்டுத் தொண்டர்கள் செயற்கைக்கோட் படங்களைப் பார்த்து அதன் தலைநகரத் தெருக்களை அப்படத்தில் வரைந்தனர். அது மீட்புப் பணியாளர்க்குக் கைவிளக்காயிற்று. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் நம் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும், நீர் சூழ்ந்த தெருக்களை மக்களே இப்பொதுப்படத்தின் மேற் குறித்தனர். முன்பு இருந்த கட்டுப்பாடுகள் பலவற்றை இந்திய அரசாங்கத்தாரும் 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட நெறிமுறைகளால் தளர்த்தினர்.

ஆதலின், யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, நம் கணினிக் கூடங்களிற் கியூஜிஐஎஸ் நிறுவப்படல் வேண்டும். இரண்டாவது, பூகோளம், வரலாறு, தாவரவியல், பொருளாதாரம் ஆகிய துறையாசிரியர் சிலரேனும் அதிற் பயிற்சி பெறல் வேண்டும். மூன்றாவது, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஆண்டிற்கு ஒரு கிராமத்தைத் தேர்ந்து, அதன் நீர்நிலைகளைப் படமாக்கி ஊராரிடமே அளித்தல் வேண்டும். ஊரார் இசைவின்றி அவர்தம் வீட்டையோ உடைமையையோ குறித்தல் ஆகாது. அவர்கள் மறைக்க விரும்புவதை மறைத்து வைத்தலும் படம் வரைவோர் கடமையே.

பழைய மாணவர்களே! உங்களுள் இக்கலை வல்லார் உளர். நன்கொடையோடு ஒரு வார விடுமுறையையும் நம் கல்லூரிக்கு ஈவீராயின், அது பெரும்பயன் தரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது. சுவரில் தொங்கும் படத்தில் நைல் நதியைச் சுட்டிக்காட்டும் மாணவர், தம் ஊர் ஏரி எங்கே உடையும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். அடுத்த மழைக்காலத்திற்குள் ஓர் ஏரியையேனும் வரைந்து முடிப்போமாக.