கத்திரிக்கு நடுவே கொத்தமல்லி

இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது வேலூர் ஜில்லாவுக்கே சந்தோஷம் அளித்த விஷயம். ஆயினும், இப்பக்கத்துக் கத்திரித் தோட்டத்தில், வாடித் தலைசாய்ந்த இளங்குருத்து ஒன்றைக் கிள்ளிப் பிளந்து பார்ப்பவர், உள்ளே இளஞ்சிவப்புப் புழுவொன்று சாவதானமாகத் தின்றுகொண்டிருப்பதைக் காண்பார். தண்டிலும் காயிலும் ஒருமுறை புகுந்துவிட்ட அப்புழுவை மேலே தெளிக்கும் மருந்து பெரும்பாலும் எட்டுவதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கத்திரியே நிற்குமிடத்தில் தாய் அந்துப்பூச்சிக்கு முட்டையிட இடம் தேடும் சிரமமும் இல்லை.

வரிசைகளுக்கிடையே கொத்தமல்லியை விதைத்தால், அதன் வாசனை தாய்ப்பூச்சியைத் தடுமாறச் செய்வதோடு, அதன் சிறு வெண்பூக்களின் தேனை நாடிவரும் குளவிகளும் பொறிவண்டுகளும் பூச்சிகளை அழித்து விவசாயிக்குச் சம்பளமில்லாத சகாயம் புரிகின்றன. எதையும் எதனோடும் கலக்கலாம் என்பதல்ல. கத்திரியைத் தாக்கும் தத்துப்பூச்சியே வெண்டையையும் தாக்குமாதலால், அவ்விரண்டையும் அருகருகே வைப்பது விருந்தை விஸ்தரிப்பதாகவே முடியும்.

இந்த ஜில்லாவின் விரிஞ்சிபுரத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வரும் பட்டத்தில் கத்திரி நாற்றோடு ஒரு பிடி கொத்தமல்லி விதையையும் சேர்த்து, விதைக்கும் முறையையும் எடுத்துச் சொல்லி, சிறு விவசாயிகளுக்கு அந்நிலையம் வழங்குமாறு மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறோம்.