மறைத்தால் கிடைக்குமா சான்று?

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவுக் கோளாறு உண்டென மருத்துவர் எழுதிவிட்டால் அமெரிக்காவில் விமானியாகும் கனவு முடிந்தது, ஆகவே அதை மறைப்பதே அறிவுடைமை என்னும் வாதம் இரண்டு இடங்களிலும் பிழைபடுகிறது. அந்நாட்டின் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்ஏஏ நோய்ப்பெயரை மட்டும் பார்த்துக் கதவடைப்பதில்லை. பரிசோதிக்கும் மருத்துவர் உடனே மருத்துவத் தகுதிச் சான்று தராமல் கோப்பை அந்நிறுவனத்தின் முடிவுக்கு அனுப்ப நேரலாம் என்பது உண்மையே எனினும், 2023இல் வந்த விரைவு வழியின்படி, கடந்த 4 ஆண்டுகளாக அக்கோளாறுக்கு மருந்து உட்கொள்ளாமலும் அறிகுறிகளால் இடர்ப்படாமலும் வேறு மனநோய் இல்லாமலும் இருப்பவர் உளவியலாளரின் மதிப்பீட்டைச் சமர்ப்பித்துச் சான்று கோரலாம். மற்றவர்கள், மருந்தை நிறுத்திக் குறைந்தது 90 நாள் கழிந்த பின், நினைவாற்றலையும் கவனத்தையும் அளக்கும் நரம்புளவியல் சோதனைக்கு உட்பட வேண்டும். செலவும் சலிப்பும் மிகுந்த இந்த ஏற்பாட்டைக் குறைகூறுவோர் பக்கம் நியாயம் உண்டு. மறைப்போர் பக்கம் அதுவும் இல்லை: விண்ணப்பத்தின் 18ஆம் கேள்வி இத்தகைய கோளாறு வாழ்நாளில் எப்போதேனும் இருந்ததா என்றே வினவுவதால் பள்ளிப் பருவத்தில் கண்டறியப்பட்டதும் அதில் அடங்கும், தெரிந்தே பொய்யுரைப்பதோ 5 ஆண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம்.