ரஷ்யாவின் ‘தண்டச்சோறு’: கவிஞரைக் கூண்டில் ஏற்றிய ஒரு வார்த்தை!

வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தால் நம் ஊரில் என்ன பட்டம் கிடைக்கும்? ‘தண்டச்சோறு!’ கிட்டத்தட்ட இதே அர்த்தத்தில் ரஷ்ய மொழியிலும் ஒரு வார்த்தை இருக்கிறது. ‘துனெயாதெத்ஸ்’.

பழைய ஸ்லாவிய மொழியில் ‘துனெ’ என்றால் சும்மா, இலவசமாக. ‘யாத்’ என்பது சாப்பிடுவதைக் குறிக்கும் வேர்ச்சொல். சேர்த்துப் படித்தால், ‘சும்மா உட்கார்ந்து சாப்பிடுபவர்’!

சாதாரண சோம்பேறியை ரஷ்யர்கள் ‘லென்தியாய்’ என்பார்கள். காலையில் எழுந்திருக்க அடம்பிடிக்கும் பிள்ளையைக்கூட அப்படித் திட்டலாம். ஆனால், துனெயாதெத்ஸ் என்றால் வசை கொஞ்சம் கடுமை. அடுத்தவர் உழைப்பில் வயிறு வளர்க்கிறாய் என்று அர்த்தம்.

சோவியத் ஆட்சியில் இந்த வசை, குற்றமாகவே மாறியது. உழைக்காதவருக்கு உணவில்லை என்ற கொள்கை 1936 அரசியல் சட்டத்திலேயே இருந்தது. 1961-ல் ரஷ்யக் குடியரசில் ஓர் ஆணை வந்தது. அதன்படி, ‘சமூகத்துக்குப் பயனுள்ள வேலை’ செய்யாதவர்களை 2 முதல் 5 ஆண்டுகள் வரை தொலைதூரப் பகுதிகளுக்கு அனுப்பலாம்.

அதில் சிக்கியவர்தான் ஜோசப் பிராட்ஸ்கி. 1964-ல் லெனின்கிராட் நீதிமன்றத்தில் நின்றபோது அவருக்கு வயது 23. கவிதை எழுதுகிறேன், மொழிபெயர்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார். உங்களைக் கவிஞர் என்று அங்கீகரித்தது யார் என்று கேட்டார் நீதிபதி. கிடைத்தது 5 ஆண்டுத் தண்டனை. ஆர்க்காங்கெல்ஸ்க் பகுதியின் நொரென்ஸ்கயா கிராமத்தில் பண்ணை வேலை செய்தார். எழுத்தாளர்கள் பலர் குரல் கொடுத்ததால் சுமார் ஒன்றரை ஆண்டில் விடுதலையானார். 1972-ல் நாட்டைவிட்டே வெளியேற வேண்டியிருந்தது.

இந்தப் பட்டத்துக்குப் பயந்தே பல கலைஞர்கள் பெயருக்கு ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டார்கள். ராக் பாடகர் விக்டர் த்ஸோய், 1980-களில் லெனின்கிராடில் ஒரு கொதிகலன் அறையில் நிலக்கரி அள்ளிப் போட்டார். ‘கம்சாட்கா’ என்ற அந்த அறை இன்று ரசிகர்கள் தேடிப்போகும் அருங்காட்சியகம்!

1991-ல் ரஷ்யாவில் அந்தக் குற்றப்பிரிவு நீக்கப்பட்டது. ஆனால், வார்த்தை சாகவில்லை. 2015-ல் பெலாரஸ் அரசு வேலையில்லாதவர்களுக்கு ஒரு கட்டணம் விதித்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர், ‘துனெயாதெத்ஸ் வரி’. 2017-ல் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

அதெல்லாம் சரி, பிராட்ஸ்கி என்ன ஆனார்? 1987-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கினார்.

அடுத்த முறை வீட்டில் யாரையாவது ‘தண்டச்சோறு’ என்று சொல்ல வாயெடுத்தால், அவர் மேஜையில் என்ன எழுதி வைத்திருக்கிறார் என்று ஒருமுறை எட்டிப்பார்த்துவிடுங்கள்!